லெந்து முடிந்தும் முடியாத நோன்பு

கும்மிடிப்பூண்டி,
ஜூலை 14, திங்கள்.

அன்பு மகள் ஸ்நேகாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகம் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். ஜூலை மாதத்திலும் கிளாஸ்கோவில் ஸ்வெட்டர் போடுகிறாயாமே. நாம் பேசி ஐந்து மாதம் ஆகிறது. போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே என் குரல் உயர்ந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி லேபில் எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த வசந்தகுமார் எனக்கு மேலே போய் மேனேஜராக உட்கார்ந்த நாளிலிருந்து நான் எந்தப் பேச்சையும் மெதுவாக முடித்ததில்லை என்று உனக்கே தெரியும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி நான்கில் இருந்தது ஏழு புள்ளி ஒன்றுக்கு வந்துவிட்டது. டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். நீ பிப்ரவரியில் சொன்னதைத்தான் செய்தேன், ஆனால் உன் பேச்சைக் கேட்டுச் செய்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டேன். சாம்பல் புதன் வந்தது, ஈஸ்டர் வரைக்குமான லெந்து நோன்பு என்று சொல்லிக் கறியை நிறுத்தினேன். அதுவும் ஒரேயடியாக இல்லை. லேபில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்துக்காகக் காத்திருப்போமே, அப்படி. முதல் வாரம் இரவுச் சாப்பாட்டை மட்டும் மாற்றினேன். கேழ்வரகு மாவில் முருங்கைக் கீரையும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து கல்லில் தட்டிய அடை இரண்டு, தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். இரண்டாம் வாரம் மதியச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுரைக்காய்க் கூட்டு. பாசிப்பருப்போடு வேகவைத்துச் சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டால் அவ்வளவுதான், எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் விட்டேன். அது சுலபமாக இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஈஸ்டர் வந்தது, அம்மா கறி வாங்கட்டுமா என்று கேட்டாள், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. கம்பெனி கேன்டீன் அந்தோணிதான் கண்டுபிடித்தான். இன்னா சார், லெந்து முடிஞ்சி மூணு மாசம் ஆவுது, உங்களுக்கு மட்டும் இயேசு இன்னும் உயிர்த்தெழலையா என்று எல்லார் முன்னாலும் கேட்டான். உன் அம்மா அவனுக்கு மேல். டாக்டரு உப்பத்தான் கொறைக்கச் சொன்னாரு, கோவத்தக் கொறைக்க சீட்டு எழுதித் தரலியே என்கிறாள்.

இப்போதெல்லாம் ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். வயிறு லேசாக இருக்கிறது, உடம்பே யாரோ இரவல் கொடுத்தது போல இருக்கிறது. உருக்காலைப் புகை எது, மேகம் எது என்று பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன், இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் கடல் பக்கமாக நகர்ந்துபோகின்றன. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையிலிருந்து ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிடும் பஸ்களின் விளக்குகள் வரிசையாக மிதந்து வருகின்றன, சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. அப்போது கண் திறந்தபடியே கனவு மாதிரி ஒன்று வரும். நீ எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாய், தட்டிலிருந்து எழும் ஆவியில் உன் முகம் மறைந்திருக்கிறது, நீ ஏழு வயதா இருபத்தெட்டா என்று தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா கீழேயிருந்து கூப்பிடுவாள், அதோடு போய்விடும்.

இனி அந்தப் பிப்ரவரிப் பேச்சுக்கு வருகிறேன். அப்பா, இனிமே சுத்தமா சாப்பிடுங்க என்று நீ சொன்னாய். நான் கத்தினேன். நீயும் விடவில்லை. யாருக்குக் காட்டறதுக்குப்பா அப்படிச் சாப்பிடறீங்க, பார்க்க வேண்டியவங்க யாரும் உங்களப் பார்த்துக்கினு இல்ல என்றாய். போனை வைத்துவிட்டேன். உன் மேல் தப்பில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொன்னதில்லை. நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பேசி முடித்திருந்தோம். சாமான் ஏற்ற வண்டி சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரர் பரசுராமன், அரிசி வியாபாரி. கடைசியாக ஊர் எது, தெரு எது என்று கேட்டார். சொன்னேன். கவுச்சி சாப்புடுவீங்களா என்றார். அதையும் மறைக்கவில்லை. இது சுத்தமான ஊடு சார், ஒத்து வராது என்று சொல்லிக் கதவைப் பாதி மூடினார். எம்.எஸ்ஸி. படித்தவன், முன்பணத்தோடு வந்தவன், வெயிலில் நிற்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். அன்றிலிருந்து இந்த லெந்து வரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கறி இல்லாமல் நான் விட்டதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் சமைக்கச் சொல்வேன். பிடித்துச் சாப்பிட்டேனா என்று இப்போது யோசித்தால் சரியாகத் தெரியவில்லை. சுத்தம் என்ற அந்தச் சொல்லை நீ சொன்னபோது எனக்கு அது அவர் குரலில் கேட்டது.

போன செவ்வாய் சாயந்திரம் அவரைப் பார்த்தேன். ஸ்டேஷன் வெளியே அவித்த முட்டை விற்கும் தள்ளுவண்டி இருக்கிறது, அதன் பக்கத்துப் பெஞ்சில் வேலை முடிந்து டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். காராமணிச் சுண்டல், நானே செய்தது. எட்டு மணி நேரம் ஊறவைத்து இரண்டு விசில், கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைத் தேங்காய், கடைசியில் எலுமிச்சை பிழிந்துவிட்டால் உப்புக் கம்மியானது தெரியாது. ஒரு பெரியவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து முட்டை வாங்கி மஞ்சளை எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் மருந்து மாதிரி விழுங்கினார். அவர்தான். இளைத்துப்போய்ச் சட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, டாக்டர் தெனம் ரெண்டு வெள்ளக்கரு துன்னச் சொல்லிட்டாரு சார், ஊட்ல அடுப்புல ஏத்த மாட்டேங்கறாங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்றார். பிறகு என் டப்பாவைப் பார்த்து அது இன்னா காராமணியா என்றார். நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று கேட்காதே. மூன்று தடவை அள்ளிச் சாப்பிட்டார். உங்க ஊட்டம்மா கை நல்லா சுத்தமான கை சார் என்றார். நான் செய்தது என்றேன். பேர் கேட்டார். எபினேசர் என்று நிறுத்திச் சொல்லி அவர் கண்ணையே பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை ஸ்நேகா. எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இருபத்தெட்டு வருடமாக அவருக்கென்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், நல்ல வாக்கியம். அது வாய்க்குள்ளேயே இருந்தது. ஆந்திரா பக்கம் போகும் கூட்ஸ் ஒன்று மெல்லப் போனது, அத்தனை பெட்டியும் போய் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரி. பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே, நான் அவ்வளவு நல்லவன் இல்லை. கிறிஸ்மஸுக்குக் கறி சாப்பிடுவேன், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், ஆனால் ருசிக்காகச் சாப்பிடுவேன். அவர் மேல் காட்ட முடியாததை உன் மேல் காட்டினேன், அதுதான் எழுத உட்கார்ந்த விஷயம். நீ அழுதாய் என்று அம்மா இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை, தெரிந்தே பேசவில்லை. அதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, போகும் இடமெல்லாம் உனக்கு முன்னே கதவுகள் திறந்திருக்கட்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வீட்டில் இருப்பேன். போன் அடித்தால் அம்மாவை எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் அப்பா,
தா. எபினேசர்