வலிப்பு அடங்கிய நாள்

அன்புள்ள வாயாடிக்கு,

பெரிய சிஸ்டர் சொல்லச் சொல்ல அவள் கணவர் எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். மண்டையில் தையலோடு அக்கா வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கிறவளிடம் என்ன நலம் கேட்பது? உன் ராஜினாமா வந்தது. கசக்கிக் குப்பையில் எறிந்தேன். அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறாயாம், மகா புத்திசாலி!

"நான் சொன்ன ஒரு சொல்லால்தான் எல்லாம்" என்று எழுதியிருந்தாய். என்னடி சொன்னாய்? வார்டில் நாம் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்கிற சொல்தானே. குழந்தைக்கு வலிப்பு வந்தது, ஊசி போட்டோம், நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து "அடங்கிடுச்சு" என்றாய். வலிப்பு என்று முன்னால் சேர்க்கவில்லை. வெளியே நின்ற தகப்பனுக்கு மூச்சு அடங்கிவிட்டது என்று கேட்டது. நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் நான் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"கொன்னுட்டாங்கடா" என்று அவன் போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்கும். பெஞ்சைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் எறிந்தான். அவன் தம்பிமார் உள்ளே பாய்ந்து கையில் அகப்பட்டதையெல்லாம் உடைத்தார்கள். ஆயாவின் வாயில் ஒரு குத்து, இரண்டு பல் போயிற்று. நம் டாக்டர் இருக்கிறாரே, மாவீரர், கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உன் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். "தண்டவாளத்துக்கு நம்ம பக்கத்துல பொறந்துட்டு நம்ம புள்ளையவே சாகடிச்சியாடி" என்று மிதித்தார்கள்.

பிடி நழுவியதும் நீ வாசலுக்கு ஓடியிருக்கலாம். நீ கட்டிலுக்கு ஓடினாய். குழந்தை மேல் கவிழ்ந்துகொண்டாய். குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பி உன் மண்டையில் இறங்கியது. ரத்தம் குழந்தையின் முகத்தில் கொட்டியது. தகப்பன் மறுபடி ஓங்கினான். நான் குறுக்கே போனேன். அந்த அடி என் வலது கையில் விழுந்தது, எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்போதுதான் அந்தக் குழந்தை வீரிட்டு அழுதது. கம்பி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

குழந்தை பிழைத்துவிட்டது. நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். தகப்பன் ஜாமீனில் வந்திருக்கிறான். என் அறைக்கு வந்து தரையில் விழுந்தான். "உசுரோட இருக்குன்னு தெரியாம பண்ணிட்டேன் சிஸ்டர்" என்றான். செத்திருந்தால் அவளை அடிக்கலாமாடா என்று கேட்டேன். கை நன்றாக இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கத்துப் பொண்ணுங்கள எடுத்தா அவங்க ஆளுங்க கலாட்டா பண்ண மாட்டாங்கன்னீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்கிறார். "காவலுக்கு நாய் வளர்க்கல சார், நர்ஸுங்கள வளர்த்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தவர்களுக்குப் பின்வாசல்தான். இடுப்பு வலியோடு வந்தவளும் அங்கேதான் தரையில் உட்கார வேண்டும். நான் வார்டு சிஸ்டரான அன்றே அந்த வாசலைப் பூட்டிச் சாவியைச் சாக்கடையில் போட்டேன். தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு இடம் கேட்டு ஒவ்வொரு நிர்வாகியோடும் மல்லுக்கட்டினேன். முதலில் வந்தவள் நீ. நீ வந்த பிறகுதான் அந்தப் பக்கத்துப் பெண்கள் ரத்தப்போக்கை மறைக்காமல் வாய் திறந்து சொன்னார்கள். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு கூடுகிறது. அந்தப் பக்கத்துப் பெண்களை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போடப் போகிறார்கள். உன் ராஜினாமாதான் அவர்களுக்குச் சாட்சி. "அவளே ஒத்துக்கிட்டு ஓடிட்டா" என்று இப்போதே சொல்லித் திரிகிறார்கள். விடுதியில் உன் பின்னால் வந்த பிள்ளைகள் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எவ்வளவு கத்தினாலும் வேலைக்காகாது. அடி வாங்கியவள் சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றால் எவனுக்கு வாய் திறக்கும்?

அதனால் திங்கட்கிழமை வந்து சேர். தலையில் கட்டு இருந்தால் கட்டோடு வா. அக்காவைக் கேட்டதாகச் சொல். மாத்திரையை ஒழுங்காகப் போடு.

இப்படிக்கு,
உன்மேல் தீராத கோபத்தோடு,
பெரிய சிஸ்டர்

பின்குறிப்பு: அம்மா, இது அவள் சொல்லாமல் நானாக எழுதுவது. தட்டு விழுந்தாலே திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறாள். வார்டு வாசல் வரை போய்விட்டு இரண்டு நாள் திரும்பி வந்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்குன்னு மட்டும் அவளுக்கு எழுதிடாதீங்க" என்றாள். எழுதிவிட்டேன். தனியாக உள்ளே போக அவளால் முடியாது, தாயே. நீ நூறு வயது நன்றாக இரு. முடிந்தால் வா.