மூன்றரைக்கு அடித்த கார்டு

கயம்பே,
மார்ச் 9

அன்புள்ள லூஸ்மிலா அக்காவுக்கு,

தர்ஹேலியா எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் நலம். நீயும் அந்த ஊர்க் குளிரில் உடம்பு கெடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் மகள், உன் ஞானமகள் தம்யாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. ஞானத்தாய்க்கு முத்தம் அனுப்பச் சொன்னாள், பல் போனதை மட்டும் எழுதக் கூடாதாம்.

உன் அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. போன வாரம் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என்னைக் கண்டுகொண்டு, "ஏம்மா தர்ஹேலியா, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். உங்கள் மக்காச்சோளம் ஆள் உயரம் வந்துவிட்டது. களை எடுக்க என் வீட்டுக்காரர் போய்வருகிறார். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஊரில் இருக்கிற ஒரே போன் கடை பல்தாசார் மேஸ்திரியின் கொழுந்தியாளுடையது. அங்கே பேசினால் நான் வீடு வந்து சேர்வதற்குள் பண்ணை ஆபீசுக்குச் சேதி போய்விடும். அதனால் மாட்ரிட் போகிற நம் வாத்தியாரம்மாவின் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரி பதினான்கு நெருங்கினால் ரோஜாப் பண்ணை எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருடமும் ஜனவரி நடுவிலிருந்தே காலை ஆறுக்கு உள்ளே போனால் இரவு எட்டு வரை நின்றபடிதான். மூன்றரை மணிக்கு எல்லாருடைய வேலை நேரக் கார்டையும் ஒரே ஆள் மொத்தமாக அடிப்பதும் அப்படியே நடக்கிறது. நீ போன பிறகு அந்த வேலை மேஸ்திரியின் மைத்துனனுக்கு வந்திருக்கிறது. கார்டுப்படி நாங்கள் மூன்றரைக்கு வீட்டுக்குப் போய்விடுகிறோம். உடம்பு மட்டும் பூப் பிரிக்கும் கூடத்திலேயே நிற்கிறது.

எர்மெலிண்டாவை ஞாபகமிருக்கிறதா? தரம் பிரிக்கும் மேசையில் உனக்கு எதிரே நிற்பாளே, ஓயாமல் பேசுவாளே, அவள்தான். பிப்ரவரி எட்டாம் தேதி, மாலை ஏழேகால் மணி. காம்பு வெட்டும் மெஷினுக்குள் அவள் கை போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பதின்மூன்று மணி நேரம் நின்ற கண்ணுக்குக் காம்பு எது, விரல் எது என்று எப்படித் தெரியும்? நான் அவளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் முதலில் கேட்டது, "பூவுல ரத்தம் பட்டிருச்சா?" என்றுதான். பல்தாசார் ஓடி வந்து முதலில் கேட்டது, "இவ கார்டு அடிச்சாச்சா?" என்று.

காப்பீட்டு அலுவலகத்தில் அவள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். கார்டில் மூன்றரை இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டில் எட்டு மணி இருக்கிறது, ஆகவே இது வேலையிடத்தில் நடந்த விபத்து இல்லையாம். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் பட்டிருக்கலாம் என்று பண்ணை ஒரு கடிதமே கொடுத்திருக்கிறது. அவளிடம் ஒரு மாடுகூட இல்லை. என்னிடம் சொன்னாள்: "நான் அந்நேரம் வீட்டுல இருந்திருந்தா நல்லாத்தானே இருந்திருக்கும்? பிள்ளைங்களுக்கு சூப் காய்ச்சிட்டு இருந்திருப்பேன்." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடத்தில் நூற்றிருபது பேர் இருந்தோம். கேட்டால் யாரும் எதையும் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலை போய்விடுமே என்று நானும் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் துணையாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

சங்கம் இருந்திருந்தால் யாராவது ஒருவர் எங்களுக்காக ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாம் முப்பது பேர் கையெழுத்துப் போட்டோம். பதிவாக வேண்டிய வாரத்தில் நீ பெயரை எடுத்துக்கொண்டாய். சட்டத்துக்கு முப்பது பேர் வேண்டும், இருபத்தொன்பது போதாது. "இது சங்கமா? கல்யாண ஊர்வலத்துக்குக்கூட ஆள் பத்தாது" என்று பல்தாசார் கூடத்தின் நடுவில் நின்று சிரித்தான். ஏன் எடுத்தாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது என்பதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

இப்போது உன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் அந்தக் கார்டுகளை அடித்தது நீ. யார் சொல்லி அடித்தாய், எத்தனை மணிக்கு அடித்தாய் என்று நாலே வரி எழுதி, அங்கே நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தொழிலாளர் ஆய்வாளர் முன்னால் ஏப்ரல் இருபத்தேழாம் தேதி விசாரணை. உன் மேல் பழி வருமோ என்று பயப்படாதே. சொன்னவன்தான் பொறுப்பு, சொன்னதைச் செய்தவள் இல்லை என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே இருக்கிறவர்களுக்கு வேலை போகும். உன்னிடமிருந்து அவர்கள் இனி எதைப் பிடுங்க முடியும்?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தர்ஹேலியா


கயம்பே,
ஜூன் 22

அன்பு அக்காவுக்கு,

உன் வாக்குமூலம் விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் கைக்குக் கிடைத்தது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். பல தடவை உட்கார்ந்தும் கை ஓடவில்லை. நாலு வரி கேட்டேன், நீ ஆறு பக்கம் எழுதியிருந்தாய்.

உறையைப் பிரிக்காமலே ஆய்வாளரிடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதனால் எல்லாரோடும் சேர்ந்துதான் நானும் கேட்டேன். அந்தம்மாள் நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். அடித்த கார்டுகளை எந்த அலமாரியில் வைப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை எழுதியிருந்தாய். ஐந்தாம் பக்கத்தில் சங்கத்தைப் பற்றி வந்தது. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடக்க இருந்த அன்று பல்தாசார் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், விலகல் கடிதத்தை ஆபீசிலேயே டைப் அடித்துக் கொண்டுவந்ததும், "கையெழுத்துப் போடு, ஆஸ்பத்திரிச் செலவு பண்ணையோடது. போடலேன்னா அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ" என்று வராந்தாவில் நின்று சொன்னதும். அதைப் படித்தபோது நான் தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நடைதான். அந்த வாரம் நான் ஒரு நாளாவது வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். கோபத்தில் வராமலே இருந்துவிட்டேன்.

பண்ணை வக்கீல் எழுந்து, வேலையை விட்டுப் போனவள் வயிற்றெரிச்சலில் எழுதியது என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து ஓபியா எழுந்தாள். மேசை துடைக்கிறவள், வாய் திறந்து நீகூடக் கேட்டிருக்க மாட்டாய். "எங்க கார்டையும் அப்படித்தான்மா அடிக்கிறாங்க. எர்மெலிண்டா ரத்தத்தைத் தொடைச்சது நான்தான்" என்றாள். அதற்குப் பிறகு இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள்.

வேலையிடத்தில் நடந்த விபத்துதான் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகம் போனால், "அடுத்த மாசம் வாங்க" என்கிறார்கள். போன மாதமும் அதையேதான் சொன்னார்கள். எர்மெலிண்டா கட்டுப் போட்ட கையோடு இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்பி வருகிறாள். இப்போது அவரவர் கார்டை அவரவரே அடிக்கிறோம் என்று சந்தோஷப்படுவதற்குள், நான் என் சொந்த விருப்பத்தில் கூடுதல் நேரம் இருக்கிறேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டான் பல்தாசார். விருப்பமாம். நிற்க முடியாமல் பெட்டி மேல் சாய்ந்து நிற்கிறவளின் விருப்பம்.

சங்கத்துக்கு இந்தத் தடவை முப்பத்துநான்கு பேர் சேர்ந்தோம். மனு கொடுத்த நிமிடத்திலிருந்து யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்தோம். ஒருவருடைய அடையாள எண்ணில் ஒரு இலக்கம் தப்பு என்று அமைச்சகம் திருப்பி அனுப்பியது. ஓடிப்போய்த் திருத்தி மறுநாளே மறுபடி கொடுத்தோம். நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் என்னை நிறுத்திவிட்டார்கள். ஆள்குறைப்பு என்று எழுதியிருந்தார்கள். நூற்றிருபது பேரில் குறைந்த ஆள் நான் ஒருத்திதான். மனு திரும்பிய சேதி எங்களுக்கு முன்னால் ஆபீசுக்கு எப்படிப் போனது என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

சங்கம் போன வாரம் பதிவாகிவிட்டது. முப்பத்துமூன்று பெயர்கள். எர்மெலிண்டாதான் செயலாளர். இடது கையால் எழுதப் பழகுகிறாள், அவள் எழுதுவதை அவளாலேயே படிக்க முடியவில்லை. என் வழக்கை அவர்கள் எடுத்திருக்கிறார்கள், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அதுவரை சந்தையில் அவித்த சோளம் விற்கிறேன். சான் பெத்ரோ திருவிழாவுக்குத் தெருவெல்லாம் ஆடிக்கொண்டு போகிறார்கள். எனக்கு எழுந்துபோய்ப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. ஆனாலும் கேட்டுக்கொள், பல்தாசார் இப்போது கூடத்தின் நடுவில் நின்று சிரிப்பதில்லையாம்.

வாக்குமூல உறைக்கு வெளியே எனக்கென்று தனியாக ஒரு சீட்டு வைத்திருந்தாயே, அதைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்கிற அந்த வயதான பெரியம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் தூங்குவதாகவும், பதினோரு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே போனதில்லை என்றும் எழுதியிருந்தாய். ஊர்ச் சேதி சொல்கிற மாதிரி, போகிற போக்கில் எழுதியிருந்தாய்.

அக்கா, எங்களுக்காக ஆறு பக்கம் எழுதினாய். அந்தப் பெரியம்மாவின் மகனிடம் உனக்காக ஒரு வார்த்தை கேள். வாரத்தில் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று சொல். முடியாது என்றால், அங்கேயும் சங்கம் இருக்கும், தேடிப் போ. நம் கின்ச்சே மாதா உனக்குத் துணை இருப்பாள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வேறெதுவும் செய்யாதே. படுக்கையில் படுத்து, விழிப்பு வரும்வரை தூங்கு. தூங்கினேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

உன் தங்கை,
தர்ஹேலியா