புரட்டாசி முடியட்டும்

புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை. இரவு.

எல்லாம் என்னால்தான் கெட்டது. மகள் தேன்மொழி விரும்பும் பையனின் அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து எங்கள் ஊரைப் பார்க்க வந்தார்கள். பரம்பரைச் சைவம். நாங்களும் சைவம்தான் என்று அவள் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்காகவே புரட்டாசியில் வரச் சொன்னேன். இந்த ஒரு மாதம் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். மதியம் புதுக்கோட்டையில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். இந்த மாதம் அங்கேயும் சைவம் மட்டும்தான். தெரிந்த இடம், நன்றாகக் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். கவனித்தார்கள். கூட்டு வைக்க வந்த முருகேசன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னண்ணே, எலை வெறிச்சுன்னு கெடக்கேன்னு பாக்குறீங்களா? புரட்டாசி முடியட்டும், மொத தலைக்கறி ஒங்களுக்குத்தான் எடுத்து வைக்கிறேன்.”

அந்த அம்மா பாயசத்தைத் தொடாமலே இலையை மூடினார். காலையிலிருந்து என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டவர், “திருமயம் கோட்டைய இன்னொரு நாள் பாத்துக்கலாம் சார்” என்றார். நேரே ரயிலடியில் கொண்டுபோய் விட்டேன்.

தேன்மொழி மூன்று முறை கூப்பிட்டாள். நான்காவது முறை போனை எடுத்தேன்.

“அப்பா, கோட்டைக்கு மேல ஏறுனாங்களா?”

ஏறினார்கள் என்று சொல்லிவிட்டேன்.