ஒட்டி வைத்த கடைசி அத்தியாயம்

அன்புள்ள உங்களுக்கு,

நம் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் போன வாரம் தவறிவிட்டார். நேற்று இங்கே நம் ஊர் குளுவாங்கில் வாசகர்கள் கூடி இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். வாராவாரம் கத்தரித்து நாம் பைண்டு செய்த அவருடைய தொடர்கதையை நானும் எடுத்துப்போனேன்.

நீங்கள் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் சேர்ந்து படிக்கலாம் என்று கடைசி அத்தியாயத்தின் ஓரத்தை ஒட்டி வைத்தோமே, அது ஒன்பது வருடமாக அப்படியே இருந்தது. இங்கிருந்து சிங்கப்பூருக்கு நடுவில் ஒரே ஒரு பாலம்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகுமாறன் சார் அதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னுமா படிக்கல? செவ்வாய் கிரகத்துக்குப் போனவன் திரும்பி வந்துருவான் லா."

வீட்டுக்கு வந்து பிளேடால் கீறித் தனியாகவே படித்தேன். வருகிறான்தான். வாசலில் நிற்கிற அவன் மனைவிக்குத்தான் அவனிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

அந்த எழுத்தாளர் என்னை எங்கே பார்த்தாரோ.

உங்கள் மகளின் அம்மா