நானாகப் போட்ட விதி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உனக்கு அந்த இருமல் நின்றதா? வெந்நீர் குடி என்றால் கேட்கவா போகிறாய்!

குத்துச்சண்டை ஆணையத்திலிருந்து உனக்குப் பதிவுத் தபால் ஒன்று வரும். அதை நின்றுகொண்டு பிரிக்காதே. அடுத்த மாதம் நடக்கும் பட்டப் போட்டிக்கு மூன்று ஜட்ஜுகளில் நீயும் ஒருத்தி. ஆமாம், நீதான். இன்னொரு தடவை படித்துக்கொள். உத்தரவை நேற்று தபாலில் சேர்த்த பிறகுதான் இந்தப் பேனாவையே எடுத்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

போனில் சொல்லியிருக்கலாம். நீ கத்துவாய், நான் அழுவேன், மீதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும். அந்த மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யாருக்கு எந்தப் போட்டி என்று முடிவு செய்வது தலைவர்தான். ஆனால் தகுதியானவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, தட்டச்சு செய்து அவர் மேசையில் வைப்பது நான். விதி சின்னதுதான். வீரனின் ஊர்க்காரர் கூடாது, அவன் உறவுக்காரர் கூடாது, இரண்டு தரப்பும் காரணம் சொல்லி ஆட்சேபிக்கலாம். இந்த மூன்று வருடமும் பெரிய போட்டிப் பட்டியல் ஒவ்வொன்றிலும் உன் பெயர் வர வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த பெயரை அடித்தேன். அக்கா ஆபீசில் இருக்கிறாள், தங்கைக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதே என்ற பயம். நீயோ ஒவ்வொரு முறையும், "என்கிட்ட என்னக்கா குறை?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும் என்றேன். பொய்.

இந்த முறை ரெஃப்ரியை இரண்டு தரப்பாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஜட்ஜுகளில்தான் வம்பு. நான் கொடுத்த ஒன்பது பெயரில் ஏழு பேரைத் தட்டிவிட்டார்கள். ஒருவர் ஊர்க்காரராம், ஒருவர் முறைத்துப் பார்க்கிறாராம்! தலைவர் பொறுமை இழந்து பதிவேட்டைத் தானே எடுத்துப் புரட்டினார். உன் பக்கம் வந்ததும் விரல் நின்றது. "நூத்திப் பதினாலு போட்டி பண்ணியிருக்காங்க, ஒரு புகார் இல்ல. இவங்க பேரு ஏம்மா என் மேசைக்கு வந்ததே இல்ல?" என்று கேட்டார். என் தங்கை சார் என்றேன். விதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "அது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க" என்றார். எங்கே காட்டுவது? அது நானாகப் போட்ட விதி.

நீ யாருடைய தங்கை என்பதையும் எழுதித்தான் உன் பெயரை இரண்டு தரப்புக்கும் அனுப்பினார். இரண்டு வீரர்களுமே முன்பு நீ போட்ட மார்க் அட்டையில் தோற்றவர்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு பதிலும் வந்துவிட்டன, ஆட்சேபம் இல்லையென்று! ஒரு பயிற்சியாளர் போன் செய்தே சொன்னார்: "அன்னிக்கு அந்தம்மா மேல எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. வீட்டுக்குப் போயி வீடியோ போட்டுப் பாத்தோம். சரியாத்தான் போட்டிருக்காங்க." எதிர்த் தரப்புப் பயிற்சியாளர், நீ மார்க் போட்டால் தோற்றாலும் தூக்கம் வரும் என்றாராம். ஆபீசில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டச்சு இயந்திரத்தின் பின்னால் குனிந்து மூக்கைச் சிந்தினேன்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "என் சின்னவ மார்க் போடப்போறா" என்கிறாள். ஒரு குத்தைக்கூடக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை அவள். உன் அத்தான் இப்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார், போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

அன்றைக்கு எங்களைக் கூட்டத்தில் தேடாதே. கண் ரிங்கில் இருக்கட்டும். பார்த்ததை எழுது, உனக்கு அது போதும்.

சின்ன வயதில் நானும் அண்ணனும் கட்டிப் புரண்டால் நீ கட்டில் மேல் சம்மணம் போட்டுத் தீர்ப்புச் சொல்வாய். ஒரு நாளாவது எனக்கு ஜெயம் கொடுத்திருப்பாயா! இந்த மூன்று வருடத்துக்கும் எனக்கு என்ன மார்க்கோ, அதையும் உள்ளபடியே போடு. நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் அதைத் தபாலில் அனுப்பிவிடாதே. போட்டி முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டில் மேல் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணே.

பாசமும் பயமுமாக,
உன் அக்கா