குழாயின் முதல் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

இன்று பதினொரு வீடு. எல்லா வீட்டிலும் அதே கேள்வி: "தண்ணி நல்லா இருக்கா சார்?" அதைப் பார்க்கத்தானே அம்மா வந்திருக்கிறேன், முதலில் குழாயைக் காட்டுங்கள். குழாய் வாயைத் துடைத்து, நெருப்பு காட்டி, ஐந்து நிமிடம் தண்ணீரை ஓட விட்டு, அப்புறம்தான் சோதனைக்குப் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் வீட்டுக்காரர்கள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். "இப்படி வீணாக்கறீங்களே!" பதினொரு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

என் மகள் வாலு மறுபடியும் சாப்பிடவில்லை. ஒன்றரை வயதுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. நான்கு நாளாக வெளிக்கும் போகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார். ஊசிக்கு மகள் அழுததைவிட அவள் அம்மா அழுததுதான் அதிகம்.

மார்ச் 8, சனி

ரத்தத்தில் ஈயம். பதினாலு. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். சுவரில் பெயிண்ட் உரிகிறதா? பொம்மை எங்கே வாங்கியது? தண்ணீர் எப்படி? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "தண்ணியைப் பத்திக் கவலையே வேண்டாம் டாக்டர். டெஸ்டுக்கு எடுக்கறவனே நான்தான்." அவர் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

பொம்மைகளையெல்லாம் குப்பையில் கொட்டினேன். ஜன்னல் கட்டையைச் சுரண்டினேன், உள்ளே வெறும் மரம். "கண்டதையும் வாங்கிட்டு வந்து புள்ள வாயில வைக்கறது" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினேன். அவள் நான் சுரண்டிப் போட்ட தூளைப் பெருக்கி அள்ளினாள். திருப்பிக் கத்தியிருந்தால் சண்டை போட்டாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்ச் 13, வியாழன்

சந்தேகமே இருக்கக் கூடாது என்று எங்கள் சமையலறைக் குழாயிலும் மாதிரி எடுத்து லேபில் கொடுத்திருந்தேன். முறைப்படி, ஒரு குறை வைக்காமல். ரிசல்ட் இரண்டு. பத்து வரை போகலாம். காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் அடித்தேன். "பாரு. தண்ணி இல்ல."

அவள் மூன்று தடவை படித்தாள்.

"பாட்டில் பிடிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஓட விட்டீங்க?"

"அஞ்சு நிமிஷம். அதான் முறை."

"காலையில வாலுக்குப் பால் கலக்கறப்பவும் அஞ்சு நிமிஷம் ஓட விடறீங்களா?"

அவளுக்கு பிரெட் கம்பெனியில் காலை ஷிப்ட். நாலரைக்கே கிளம்பிவிடுவாள். பால் பவுடர் கலக்குவது என் வேலை, வாலு பிறந்ததிலிருந்து. பதில் எனக்குத் தெரியும். ஒரு நாளும் விட்டதில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலை ஐந்தரை. ராத்திரி முழுக்க யாரும் தொடாத குழாய். துடைக்கவில்லை, ஓட விடவில்லை. திறந்த உடனே பாட்டிலைப் பிடித்தேன். பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது.

மார்ச் 17, திங்கள்

எண்பத்தாறு.

எண்பத்தாறு! என் கையால். நானே அடுப்பு பற்றவைத்து, நானே ஆற்றி, நானே ஊட்டியிருக்கிறேன். ராத்திரியெல்லாம் அசையாமல் நின்ற தண்ணீர் தெளிந்து சுத்தமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. நாள் முழுக்க ஊரார் வீட்டில் தண்ணீரைக் கொட்டுகிறோமே, நம் வீட்டிலாவது சொட்டு வீணாகக் கூடாது என்று இன்னொரு நினைப்பு. ஊரார் வீட்டுக் குழாயை ஐந்து நிமிடம் ஓட விட்டவன் சொந்த வீட்டுக் குழாயை ஐந்து நொடி ஓட விடவில்லை.

அது போதாதென்று கொதிக்கவும் வைத்தேன். பத்து நிமிடம், தளதளவென்று, கிருமி சாகட்டும் என்று. லேப் மேடம் சொன்னார்: "ஈயம் எங்கேயும் போகாது. தண்ணிதான் வத்தும். மிச்சத்துல ஈயம் இன்னும் அடர்த்தியாகும்." இதுகூடத் தெரியாமல் பதினொரு வருடம் என்ன கிழித்தேன்?

அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய விதிமுறைப் புத்தகத்தை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடம் ஓட விடுவது கிருமி சோதனைக்கு. ஈயத்துக்கு நேர் தலைகீழ்: ஆறு மணி நேரம் குழாயை மூடி வைத்து, வரும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இரண்டு சோதனை, இரண்டு பாட்டில். எங்கள் ஆபீஸ் ஒரே பாட்டிலில் இரண்டையும் முடிக்கிறது. குழாயில் ஊறிய ஈயத்தை ஐந்து நிமிடம் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் வருவதைப் பிடித்து "ஈயம் இல்லை" என்று எழுதியிருக்கிறோம். இருக்கிறோம் என்ன இருக்கிறோம்? இருக்கிறேன். எழுதினது நான்தான்!

மார்ச் 18, செவ்வாய்

பிளம்பர் வந்தார். தெருவிலிருந்து கட்டிடத்துக்குள் நுழையும் குழாயைக் காட்டினேன். சாம்பல் நிறம். சாவியால் ஒரு கீறு கீறினார், வெள்ளியாகப் பளபளத்தது. காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. "சுத்தமான ஈயம் சார். இந்த வரிசை முழுக்க இதான் போட்டிருப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?" கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் உறைத்தது.

மார்ச் 19, புதன்

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஆறு மணி நேரம் குழாயை மூடுங்கன்னு ஒவ்வொரு வீடா போய்ச் சொல்ல ஆள் எங்கய்யா இருக்கு? அப்புறம் ஒண்ணு. இத்தனை வருஷ ரிப்போர்ட்டுலயும் கையெழுத்து யாரோடது? என்னோடதா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அந்த ஆள் முகத்தில் ஊற்றாமல் வந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

ஒரு வாரம் லீவு. லேப் மேடம் ஒரு பெட்டி பாட்டில் கொடுத்தார், எதற்கென்று கேட்கவில்லை. தெருவில் வீடு வீடாகப் போனேன். ராத்திரி படுக்கும்போது குழாயை மூடுங்கள், காலையில் வாய்கூடக் கொப்பளிக்காமல் முதல் தண்ணீரை இதில் பிடியுங்கள். முப்பத்திரண்டு வீடு. சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று கதவைச் சாத்தினார்.

கீழ் வீட்டுத் தையல்கார அக்கா பாட்டிலை வாங்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏன் தம்பி, இப்ப என்ன புதுசா?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"போன வருஷம் நான் கேன் தண்ணி வாங்கிட்டிருந்தேன். நீங்கதான் வந்து பாட்டில்ல பிடிச்சீங்க. 'கேன் எதுக்குக்கா, கண்ணை மூடிக்கிட்டு குழாய்த் தண்ணியைக் குடிங்க'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான்க்கா."

"அன்னைக்கே கேனை நிறுத்தினேன். என் பொண்ணு ஒரு வருஷமா இதைத்தான் குடிக்கறா. ஆறு வயசாகுது, பள்ளிக்கூடத்துல சொன்னது மனசுல நிக்க மாட்டேங்குதுன்னு டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க. நானும் அடிச்சிருக்கேன் தம்பி, படிக்கலைன்னு. நீ நல்லா இருப்பியா? வெளியே போ!"

பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். 

மார்ச் 25, செவ்வாய்

அக்கா வாசலில் வைத்த பாட்டில் காலையில் நிரம்பி, மூடி இறுக்கமாக, அதே இடத்தில் இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

முப்பத்தொன்றில் இருபத்தாறு வீடு பத்துக்கு மேல். அக்கா வீடு நூற்றுப் பத்து. அவர் வீடுதான் தெருக் குழாயோடு முதலில் சேர்கிறது, முழுக்க ஈயம்.

அதிகாரி "யாரைக் கேட்டு எடுத்த?" என்றார். யாரையும் கேட்கவில்லை. அதைத்தான் பதினொரு வருடம் முன்னால் செய்திருக்க வேண்டும். முப்பத்தொரு வீட்டுக் கையெழுத்தோடு எல்லாவற்றையும் சுகாதார அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டில் இப்போது சட்டம் மனைவியுடையது. விடிந்ததும் குழாயை ஓட விட்டு, வருவதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வேண்டும். குடிக்க, சமைக்க, ஈயத்தைப் பிடிக்கும் ஃபில்டர் தண்ணீர் மட்டும். ஹீட்டர் தண்ணீர் சமையலுக்குக் கூடாது, சூடு ஈயத்தை அதிகமாகக் கரைக்கும். நேற்று குழாய் வாயின் சல்லடையைக் கழற்றித் தட்டினேன், மணல்போல் சாம்பல் துகள் விழுந்தது.

பொம்மை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அந்த மஞ்சள் வாத்தை நான் வாங்கலை, நீங்க வாங்கினது" என்றாள். ஆமாம், நான்தான் வாங்கினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

விசாரணை. "முந்தைய அறிக்கைகள் தவறு என்கிறீர்களா?" என்று எழுத்தில் கேட்டார்கள். "ஆம். எல்லாமும்" என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் "உனக்கு ஏன்யா இந்த வேலை, முறை அப்படித்தான் இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே" என்று காதைக் கடித்தார். எழுதலாம். பொய்யும் இல்லை. ஆனால் சல்லடைத் துகள் இன்னும் என் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

என்னை மீட்டர் கணக்கெடுக்கப் போட்டுவிட்டார்கள். அதிகாரி அதே நாற்காலியில்தான்.

மே 19, திங்கள்

தெருவைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தோண்டினாலும் பரவாயில்லை.

ஜூன் 27, வெள்ளி

புதுக் குழாய் எல்லாக் கட்டிடத்துக்கும் வந்துவிட்டது. மாதிரி எடுக்கப் புது ஆள் இரண்டு பாட்டிலோடு வந்தார். எங்கள் வீட்டு முதல் தண்ணீர்: ஒன்று. வாலுவுக்குப் போன வாரம் ரத்தம் எடுத்தோம், ஏழு. சாப்பாட்டுத் தட்டை என் கையிலிருந்து பிடுங்குகிறாள். ரிசல்ட்டைச் சொன்னதும் மனைவி போனிலேயே அழுதாள்.

மாலை படியேறும்போது தையல்கார அக்கா வாசலில் நின்றிருந்தார். மார்ச்சுக்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. கையில் ஆஸ்பத்திரிக் காகிதம்.

"இருபத்தி மூணு" என்றார். "குறையுமாம். ஆனா படிப்புல போனது முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"உங்க பொண்ணுக்கு எவ்வளவு?"

"ஏழு."

"நல்லது தம்பி" என்றார். உள்ளே அந்தப் பெண் ஏதோ பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. அக்கா கதவைச் சாத்தினார், மெதுவாகத்தான் சாத்தினார்.