மூன்றாவது தண்ணீர் ஊற்றும் வரை

17-3-86, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பங்குனி பிறந்து நாலு நாள்தான், அதற்குள் விழுப்புரம் இப்படிக் காய்கிறது. இந்த டைரி இவருக்கு ஆபீசில் கொடுத்தது. சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

அக்காவை சனிக்கிழமை திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இதயத்தில் கோளாறு. பாதம் வீங்கி, இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. மாமா கூடவே இருக்கிறார். பிள்ளைகள் மூன்றும் என்னிடம். கலா (11), சேகர் (7), பாப்பா (4). எனக்குப் பிள்ளை இல்லை, வளர்த்துப் பழக்கமும் இல்லை. மூன்று பேர் ஓடினால் வீடு முழுக்க முப்பது பேர்.

வாங்க: பால் கூடுதலாக அரை லிட்டர். பாப்பாவுக்கு ஜட்டி 2. தலைவலி மாத்திரை (எனக்கு).

18-3, செவ்வாய்

பாப்பா முதுகில் கொப்புளம். ஆறு. சாயங்காலம் எண்ணினால் இருபதுக்கு மேல்.

பக்கத்து வீட்டு அம்சாக்கா ஜன்னலில் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வெளையாட வந்துருக்கா. தாளிக்காத, வறுக்காத, தலை வாராத. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் உள்ள இருக்கறவங்க யாரும் வாசப்படி தாண்டக் கூடாது. வூட்டுக்காரர வேற எங்கனா படுத்துக்கச் சொல்லு."

வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. இவர் ஆபீஸ் நண்பரின் அறைக்குப் போய்விட்டார். சாமான் வாங்கி ஜன்னலில் வைப்பார். நான், மூன்று பிள்ளைகள், பூட்டாத ஜெயில்.

19-3, புதன்

அரிப்பு. பாப்பா கை சும்மா இருந்தால் சொறிகிறாள். கைக்கு வேலை கொடுக்க வேண்டும். இன்று ஆடியவை:

தாயம். சோழி இல்லை, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டோம். சேகர் அழுகுணி ஆட்டம். பாப்பா காயை வாயில் போட்டுக்கொண்டாள். ஆட்டம் நின்றது.

பூ, ஊர், பழம் சொல்வது. சேகருக்கு எல்லாப் பழமும் மாம்பழம்.

சிலை. நான் கை தட்டினால் அசையாமல் நிற்க வேண்டும். அரிப்பை வைத்துக்கொண்டு சிலையாவது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பாப்பா அழுதாள்.

கலாதான் வழி கண்டாள். "எந்த ஆட்டமா இருந்தாலும் சொறிஞ்சா அவுட். பாப்பா, சரியா?" அவ்வளவுதான். கொழுந்து வேப்பிலையால் தடவிக்கொள்ளலாம், நகம் படக் கூடாது. அந்த விதிக்குப் பாப்பாவே கட்டுப்படுகிறாள். பெரியவள் நான், எனக்குத் தோன்றவில்லை.

20-3, வியாழன்

சேகருக்கும் போட்டுவிட்டது. முகத்திலேயே.

அம்சாக்கா கணக்கு மாறிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் தண்ணீராம். முதல் தண்ணீர் அடுத்த செவ்வாய், பிறகு வியாழன், மூன்றாவது ஞாயிறு. ஞாயிறு என்றால் 30-ஆம் தேதி! கலாவுக்கு ஒன்றும் இல்லை, மூன்று வருஷம் முன்பே வந்து போனதாம்.

இவர் ஒரு வாளி ஆற்று மணல் கொண்டுவந்து வைத்தார். கூடத்தில் கொட்டி நீளமாகக் கரை கட்டி, குச்சியை ஒளித்துக் கண்டுபிடிக்கும் ஆட்டம். இரண்டு மணி நேரம் ஓடியது. வீடெல்லாம் மணல். பெருக்கக் கூடாது என்கிறாள் அம்சாக்கா. மணலோடு சாப்பாடு, மணலோடு படுக்கை. போகட்டும்.

ராத்திரி சாப்பிடும்போது சேகர்: "அம்மா எப்போ வருவாங்க?" கலா: "ஒன் மொகத்தப் பாத்தா பயந்துக்குவாங்க. மொதல்ல ஆறட்டும்." சிரித்தான்.

22-3, சனி

இவர் திண்டிவனம் போய்வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். அக்காவுக்கு மோசம். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். மாமா கையைப் பிடித்து, "ஒருவாட்டி காட்டிடுங்க" என்றாளாம்.

"பெரியவள மட்டுமாவது கூட்டிக்கினு போறேன்" என்றார் இவர். "குளிச்சுட்டு வேற துணி மாத்திக்கினா போச்சு. ஒரு மணி நேர பஸ்ஸு."

கலா என் பின்னாலேயே நின்றிருக்கிறாள். "நான் போயிட்டு சாயங்காலமே வந்துடறேன் சித்தி. தொடவே மாட்டேன். தள்ளி நின்னு பாக்கறேன்."

அம்சாக்கா அவள் வீட்டு வாசலிலிருந்தே கத்தினாள். "அம்மை போட்ட வூட்லேர்ந்து நோயாளியாண்ட போறதா? ஆத்தா கோச்சுக்குவா. சின்னதுங்க கண்ணுல எறங்கிடப் போவுது!"

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமை மூணாவது தண்ணி ஊத்தினதும் மூணு பேரையும் கூட்டிக்கினு வர்றேன்னு அக்காகிட்ட சொல்லுங்க." இவர் கிளம்பிவிட்டார்.  கலா உள்ளே போய்ச் சேகருக்கு விசிறினாள்.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். ஆத்தாவுக்குப் பயந்தது பாதிதான். கலா இல்லாமல் அந்த இரண்டையும் ஒரு பகல்கூட என்னால் சமாளிக்க முடியாது. அதுதான் மீதிப் பாதி.

25-3, செவ்வாய்

முதல் தண்ணீர். வெயிலில் வைத்த தண்ணீர், மஞ்சள், வேப்பிலை. பாப்பா உடம்பு காய்ந்துகொண்டு வருகிறது. சேகருக்கு இன்னும் மூன்று நாள் ஆகும்.

அக்கா அப்படியேதான் இருக்கிறாளாம். அப்படியே என்றால் நல்லதா கெட்டதா? இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கலா புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். பஸ் ஆட்டம். தலையணைதான் சீட், சேகர் டிரைவர், பாப்பா கண்டக்டர், நான் ஏறும் கிழவி. "மயிலம் எறங்கறவங்க எறங்கு! கூட்டேரிப்பட்டு! திண்டிவனம், திண்டிவனம்!" பாப்பாவுக்கு வேறு ஊரே தெரியாது. பத்து தடவை திண்டிவனம் போய்வந்தோம். 

27-3, வியாழன்

இரண்டாவது தண்ணீர். கேப்பைக் கூழ், மோர், வெள்ளரிக்காய். ரசத்துக்குக் கடுகு தாளித்தால் என்ன குடி முழுகும் என்று கோபமாக வருகிறது. தாளிக்கவில்லை.

இன்னும் மூன்று நாள். அக்காவுக்கு எடுத்துப்போக: சாத்துக்குடி, என் பழைய நூல் புடவை (மெத்தென்று இருக்கும்), பிள்ளைகள் வரைந்த படம். பாப்பா வரைந்தது எது தலை எது கால் என்று புரியவில்லை.

28-3, வெள்ளி

புனித வெள்ளி. இவருக்கு லீவு, விடியற்காலையே திண்டிவனம் போனார்.

காலை பதினோரு மணி. ராஜா ராணி சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம். காகிதத் துண்டில் எழுதி மடித்துக் குலுக்கிப் போட்டது. எனக்குத் திருடன். கலா போலீஸ், என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது ஜன்னலில் இவர் முகம். சட்டை கசங்கி, கண் சிவந்து. சொல்லவே வேண்டாம். எழுந்து போனேன்.

"காலைல ஆறு மணிக்கு. சாயங்காலமே எடுத்துடறாங்க."

வாயைத் திறந்தேன். அம்சாக்கா ஓடிவந்து வெளியிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயி, சத்தம் வேணாம். ஆத்தா இருக்கற வூட்ல அழுவக் கூடாதும்மா. அந்தப் புள்ளைங்களுக்காகப் பொறுத்துக்க." அவளும் அழுதாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு.

என் கூடப்பிறந்தவள். முகம் பார்க்கப் போகவில்லை. அவள் பெற்ற மூன்றும் கூடத்தில் மணலில் உட்கார்ந்திருந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சேகர், "சித்தப்பா என்னா சொன்னாரு?" என்றான். பஸ் கிடைக்கவில்லையாம் என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். கலா என்னையே பார்த்தாள். பிறகு சேகரைக் காட்டி, "இவன்தான் திருடன்" என்றாள். தப்பு. அவளுக்குப் பாயின்ட் இல்லை.

இன்னும் எட்டு ஆட்டம் ஆடினோம். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்திருப்பார்கள். நாலு மணிக்குக் கொல்லைக் கிணற்றடிக்குப் போய் ராட்டினத்தை வேகமாக இழுத்தேன். அது கிறீச்சிட்ட வரைக்கும் அழுதேன். பதினாலு வாளி. தொட்டி நிரம்பி வழிந்தது.

29-3, சனி

எழுத ஒன்றுமில்லை. ஆடவும் முடியவில்லை. கலாவே எல்லாம் ஆட்டிவைத்தாள். நான் ஒரு மூலையில் அரிசி பொறுக்கினேன்.

30-3, ஞாயிறு

மூன்றாவது தண்ணீர். மூன்று பேருக்கும் தலைக்கு ஊற்றி, புதுத்துணி. அம்சாக்கா கற்பூரம் காட்டிவிட்டு, "இனிமே தாராளமா போவலாம்" என்றாள். தாராளமா!

சின்னதுகள் இரண்டும் வாசலில் குதித்துக்கொண்டிருந்தன. கலாவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக வைத்திருந்த வாக்கியம் ஒன்றுமே வரவில்லை. "அம்மா போய்ட்டாங்கடா" என்றேன்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை நாம சீட்டு ஆடிக்கினு இருந்தோம்."

"ஆமாம்மா."

அழுவாள், கட்டிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் அம்மை போடவே இல்லையே, சித்தி."

 பழியை ஆத்தா மேல் போடலாம், அம்சாக்கா மேல் போடலாம். அவள் கேட்டது என்னை.

பன்னிரண்டரை பஸ். இடம் இருந்தது. சின்னதுகள் என் மடியிலும் பக்கத்திலும். சேகர் முழு வழியும் டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தான். கலா முன்னால் போய் யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திண்டிவனம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.